கோதுமை ஒவ்வாத குடல்: நிறுத்துமுன் சோதியுங்கள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வட இந்தியாவில் கோதுமை விளையும் பகுதியில் நாங்கள் பணிசெய்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே நாங்கள் காணும் ஒரு நோயைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். அதன் பெயர் சீலியாக் நோய்.

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. சிலருடைய உடலில் நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, இந்தப் புரதம் உள்ளே போகும்போது தங்கள் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டும் சத்து உடம்பில் சேருவதில்லை. இது தொற்றுநோய் அல்ல.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமாகிய 1944-45இல் நெதர்லாந்து நாட்டில் கொடும் பஞ்சம் உண்டாயிற்று. கோதுமை ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில், இந்நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடியும் நோயுற்றார்கள். கோதுமையைப் பற்றி முன்பே ஐயம் கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர், 1950இல் தமது ஆய்வேட்டில் அதை நிலைநாட்டினார்.

நம் நாட்டில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 23,331 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். வடக்கே ஆயிரம் பேரில் ஏறக்குறைய 8 அல்லது 9 பேருக்கு இந்நோய் இருந்தது. தெற்கிலோ பத்தாயிரம் பேரில் ஒருவர் அளவே. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு இரு பக்கத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காணப்பட்டது. ஆனால் வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்கிறார். தெற்கே 25 கிராம்தான்.

ஆகவே தமிழ்நாட்டில் ஒருவருக்கு வயிறு உப்பினால் உடனே இந்நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. பூச்சித் தொல்லை, அமீபா, குடல் காசநோய், பால் ஒவ்வாமை எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் வேலைக்காகவும் ஊழியத்துக்காகவும் வடக்கே சென்று, மூன்று வேளையும் சப்பாத்தி உண்ணும் நம் பிள்ளைகள் அநேகர். இங்கேயும் இட்லி இருந்த இடத்தில் ரொட்டியும் பரோட்டாவும் வந்துவிட்டன.

எப்போது சந்தேகிக்க வேண்டும்? வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு. வயது ஏறியும் உயரமும் எடையும் கூடாத பிள்ளை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் தீராத இரத்தசோகை. காரணம் தெரியாத எலும்புத் தேய்வு. திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண். சிலருக்கு வயிற்றில் யாதொரு தொல்லையும் இராது. வெளிறிய முகமும் தீராத களைப்புமே அடையாளம். சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு உள்ளவர்களும், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளும் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும்.

இங்கேதான் நாங்கள் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய காரியம் ஒன்றுண்டு. சந்தேகம் வந்தவுடன் அநேகர் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, பிறகு மருத்துவரிடம் வருகிறார்கள். அப்படிச் செய்யாதிருங்கள். கோதுமையை நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும். இரத்தத்தில் தெரியவேண்டிய அடையாளமும் குறைந்துவிடும். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். உறுதிசெய்ய மறுபடியும் பல வாரங்கள் கோதுமை உண்ணச் சொல்ல வேண்டியதாகும். அது நோயாளிக்குப் பெரும் பாடு. வழக்கம்போல் உண்டுகொண்டே இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். பெரும்பாலும் அதன்பின் உள்நோக்குக் கருவியால் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதிசெய்வார்கள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. மாத்திரை அல்ல, உணவுதான் மருந்து. சப்பாத்தியே சாப்பாடாயிருக்கும் ஏழை வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு மாவு, வேறு சட்டி என்பது எளிதன்று. தேவையில்லாமல் அந்தப் பாரத்தை ஒருவர்மேல் சுமத்தலாகாது. தேவையுள்ளவரை அறியாமல் விடவும் கூடாது.

நோய் உறுதியானால் மனந்தளர வேண்டாம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருப்பு வகைகள் யாவும் ஆகும். மைதா, ரவை, கோதுமைச் சேமியா, மால்ட் கலந்த பானங்கள் ஆகா. கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். திருவிருந்து அப்பமும் பெரும்பாலும் கோதுமையே. இப்படிப்பட்ட ஒருவர் சபையிலிருந்தால், அவர் கூச்சமின்றி ஆயரிடம் முன்கூட்டியே சொல்லும்படி நாமே இடங்கொடுக்க வேண்டும்.

உணவை மாற்றிய சில மாதங்களில் சோர்ந்திருந்த பிள்ளைகள் எடை கூடி விளையாடுவதைக் காண்கிறோம். அந்த மகிழ்ச்சியில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ மாத்திரைக்கு அசையாத இரத்தசோகை உள்ளவர் இருந்தால், இன்று கேட்டதை அவருக்குச் சொல்லுங்கள்: நிறுத்துமுன் சோதிக்கட்டும்.