ஆங்கிலம் வளரத் தமிழைத் தள்ளிவைக்க வேண்டுமா?



"வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும்" என்ற எண்ணம் பெற்றோர் பலரிடம் வேரூன்றிவிட்டது. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியவர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. ஆங்கிலத்திற்காகத் தமிழை விலையாகக் கொடுப்பது சரியான வாணிபம்தானா? தமிழ் மாணவர் தடுமாறும் இடங்கள் இரண்டைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

முதலாவது, சொல் வரிசை. "கண்ணன் முருகனைப் பார்த்தான்" என்றாலும் "முருகனைக் கண்ணன் பார்த்தான்" என்றாலும் தமிழில் பொருள் ஒன்றே. பார்க்கப்பட்டவன் யார் என்பதை 'ஐ' என்ற வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. "கண்ணன் சா முருகன்" என்பதை "முருகன் சா கண்ணன்" என்று மாற்றினால் பார்த்தவனே மாறிவிடுகிறான். தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. இந்த ஒரு விளக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால், எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசையை ஏன் காக்க வேண்டும் என்பது பிள்ளைக்குப் புரியும். காரணம் புரிந்தது எளிதில் மறக்காது.

கேள்வியிலும் இதே சிக்கல்தான். "அவர் எங்கே இருக்கிறார்?" என்பதோடு "என்று தெரியவில்லை" என்பதைச் சேர்த்தால் தமிழில் வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் தனிக் கேள்வி "வேர் இஸ் ஹி". அதுவே வாக்கியத்திற்குள் நுழைந்தால் "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்" என்று திரும்பிவிடும். நேர்முகத் தேர்வில் நன்கு பேசும் இளையர்கூட இங்கே சறுக்குவதுண்டு.

இரண்டாவது, கூட்டு வினைகள். 'புட்' என்றால் போடு. 'புட் ஆஃப்' என்றால் பொருள் வேறு. "இதற்கு விதியே இல்லையே" என்று மாணவர் சலித்துக்கொள்கின்றனர். ஆனால் 'புட் ஆஃப்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? தள்ளிப்போடு. அதிலும் 'போடு' இருக்கிறது! 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடு. ஒரு வினையோடு இன்னொரு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதன்று. பாட்டியிடம் பேசும்போதே அது பழகிவிட்டது. எல்லாச் சொற்களும் இப்படிப் பொருந்திவிடா. ஆயினும் அச்சம் நீங்க இது போதும்.

பழகும் முறைக்கு வருவோம். கூட்டு வினைகளைப் பட்டியலாக மனனம் செய்வதால் பயன் குறைவு. நாளுக்கு ஒரு வினை, அதற்குச் சொந்த வாழ்க்கையிலிருந்து மூன்று வாக்கியம் போதும். "மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன்" என்று பிள்ளை முதலில் தமிழில் நினைக்கட்டும். பிறகு வரிசையை மாற்றி ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதியதை வாய்விட்டுப் படிக்கட்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இங்கே பலர் "ஆஃப் த லைட்" என்றே சொல்லிப் பழகிவிட்டனர். "டர்ன் ஆஃப் த லைட்", "டர்ன் த லைட் ஆஃப்" இரண்டுமே சரி. ஆனால் 'இட்' என்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: "டர்ன் இட் ஆஃப்". 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றையோ பிரிக்கவே கூடாது: "லுக் ஆஃப்டர் ஹெர்" என்பதே சரி. ஒவ்வொரு புது வினைக்கும் "இது பிரியுமா, பிரியாதா?" என்று குறித்து வைத்துக்கொண்டால் பாதிப் பிழை குறையும்.

சிங்கப்பூரில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் 2000-இல் தொடங்கப்பட்டது. நல்ல ஆங்கிலம் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வீட்டில் தமிழை நிறுத்துவதால் அது வந்துவிடாது. பெற்றோர் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால், பிள்ளைக்கு அந்த அரைகுறையே மிஞ்சும்; தமிழும் போய்விடும். அவர்கள் முழுமையாக அறிந்த மொழியில் கதை சொல்லட்டும், கேள்வி கேட்கட்டும், காரணம் விளக்கட்டும். அப்படிச் சிந்திக்கப் பழகிய பிள்ளை ஆங்கில வாக்கியத்தையும் ஆராய்ந்து கற்கும்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் தடைக்கல் அன்று, படிக்கல். அந்தப் படியைப் பெற்றோரே பெயர்த்து எறிந்துவிட வேண்டாம்.