அகற்றிய குடல்வாலும் ஆய்வுக்கூடமும்

குடல்வால் அழற்சியை அறியாதார் நாட்டில் மிகச் சிலரே. வலது அடிவயிற்றில் வலி; மருத்துவமனையில் ஓர் அறுவை; சில நாட்களில் வீடு திரும்புதல். பெரும்பாலோர்க்கு இந்நோயின் வரலாறு இவ்வளவே. ஆயின், அகற்றப்பட்ட ஆயிரம் குடல்வால்களை ஆய்ந்தால், இரண்டு மூன்றில் சளி போன்ற பசைப்பொருளைச் சுரக்கும் கட்டியொன்று மறைந்திருக்கக் காணலாம். இதனைக் காலத்தே கண்டறிவது மருத்துவரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. நிருவாக ஒழுங்கையும் பொறுத்தது. இவ்வுரை வலியுறுத்த விழைவது இதனையே.

நோயின் இயல்பு

குடல்வாலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் அளவுமீறிப் பெருகிப் பசையைச் சுரக்க, குடல்வால் வீங்குகிறது. வியன்னாவின் நோய்க்குறியியல் அறிஞர் ரோக்கிட்டான்ஸ்கி இந்நிலையை 1842-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். வீங்கிய குடல்வால் உடைந்து, பசையும் உயிரணுக்களும் வயிற்றுக்குழியில் சிந்தினால், அவை உள்ளுறையெங்கும் படிந்து மேன்மேலும் சுரக்கும். வயிறு ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருக்கும். இறுதியில் குடல் அடைபடும். 'ஜெல்லி வயிறு' எனப்படும் இந்நிலைக்குச் சூடோமிக்ஸோமா பெரிட்டோனியை என்னும் பெயரை 1884-இல் வெர்த் என்பார் வழங்கினார். வீரியம் குறைந்த கட்டிகள் இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ பரவுவது அரிது. வயிற்றினுள்ளேயே நோயை முற்றிலும் நீக்க முடிந்தால் நீண்ட வாழ்வு கிட்டுவதற்கு இவ்வியல்பே காரணம்.

கண்டறிதல்

இந்நோய்க்கெனத் தனி அறிகுறி ஏதுமில்லை. சாதாரண அழற்சியைப் போல் தோன்றும். பெண்களிடம் சினைப்பைக் கட்டியாகவும், ஆண்களிடம் குடலிறக்கமாகவும் மயங்க வைக்கும். சி.டி. ஸ்கேனில் குடல்வாலின் விட்டம் 15 மில்லிமீட்டரைத் தாண்டியிருப்பினும், அதன் சுவரில் சுண்ணாம்புப் படிவு காணப்படினும் ஐயுற வேண்டும். வயதும் ஒரு குறிப்பாகும். பின்லாந்தில் நடைபெற்று 2019-இல் வெளியான ஆய்வொன்றில், குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டி கண்ட 60 பேரில் 12 பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கட்டி இருந்தது. பன்னிருவரும் 40 வயதைக் கடந்தவர்கள். அவ்வயதினர் மருந்தால் மட்டும் குணமடைந்தாலும், அவர்களைத் தொடர்ந்து கவனிப்பது இன்றியமையாதது.

எனினும் இறுதித் தீர்ப்பு நுண்ணோக்கியின் கையில்தான் உள்ளது. அகற்றிய குடல்வால் ஆய்வுக்கூடத்தை அடையாவிடில் நோய் அறியப்படாமலே போகும். ஆய்வறிக்கை வந்தும் நோயாளியைச் சேராவிடில், அது வந்தும் பயனில்லை.

கையாளும் முறை

ஐயத்திற்குரிய குடல்வாலை உடையாமல் எடுத்தல் முதல் விதி. வீரியம் குறைந்த கட்டி உடையாமல், அடிப்பகுதியில் எச்சமின்றி அகற்றப்பட்டால் அதுவே போதுமானது. பெருங்குடலின் வலப்பகுதியையும் நீக்குவது இத்தகையோர்க்குப் பெரும்பாலும் தேவையற்றது. குறித்த காலங்களில் ஸ்கேன் பரிசோதனை மட்டும் தொடர வேண்டும். புற்றுநோயாக மாறிய கட்டிகளுக்கே பெரிய அறுவை வேண்டியதாகிறது.

நோய் வயிற்றில் பரவிவிட்டால் நிலைமை வேறு. அமெரிக்க அறுவை மருத்துவர் சுகர்பேக்கர் வளர்த்தெடுத்த முறைப்படி, நோய் படிந்த உள்ளுறையும் உறுப்புகளும் அகற்றப்படுகின்றன. பின்னர் ஏறத்தாழ 42 செல்சியஸ் பாகைக்குச் சூடாக்கிய புற்றுநோய் மருந்து வயிற்றுக்குள் சுற்றிவரச் செய்யப்படுகிறது. அறுவை பத்து மணி நேரம் வரையிலும் நீளக்கூடும். இவ்வாறு 16 சிறப்பு நிலையங்களில் சிகிச்சை பெற்ற 2,298 பேரைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வின்படி, பத்தாண்டுகள் கடந்து வாழ்ந்தோர் 63 விழுக்காட்டினர். அதே ஆய்வில் நான்கில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகளும் நேர்ந்தன. பயிற்சி மிக்க கைகளுக்கே உரிய பணி இது.

திட்டமிடுவோர் செய்ய வேண்டுவன

அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கொன்று உண்டு. பரவிய நிலையிலுள்ள இந்நோய் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரைப் பற்றுவதாக மேலைநாட்டுக் கணிப்புகள் கூறுகின்றன. அதே வீதத்தை 140 கோடி மக்களுக்குப் பொருத்தினால், இந்தியாவில் ஆண்டுக்கு 1,400 முதல் 2,800 பேர். எழுநூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் இவர்களைப் பகிர்ந்தால், மாவட்டத்துக்கு இருவர் முதல் நால்வர். ஆண்டுக்கு இருவரை மட்டும் காணும் மருத்துவர் இக்கடினமான அறுவையில் தேர்ச்சி பெறுவது எங்ஙனம்? இங்கிலாந்து இதனை உணர்ந்து, பேசிங்ஸ்டோக், மான்செஸ்டர் ஆகிய இரண்டு ஊர்களில் நிலையங்களை அமைத்து நோயாளிகளை அங்கு அனுப்பிவருகிறது.

பெரிய அறுவை சில இடங்களில் குவிய வேண்டும். கண்டறியும் வசதியோ எல்லா இடங்களுக்கும் பரவ வேண்டும். 2012-இல் அமைந்த தேசியப் புற்றுநோய் வலையமைப்பு முதற்பணிக்குத் துணை நிற்கலாம். இரண்டாவது பணிக்கு 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் போன்ற காப்பீட்டுத் திட்டங்கள் உதவலாம். குடல்வால் அறுவைக்கான தொகையில் திசு ஆய்வுக் கட்டணமும் அடங்கும் என்பதை விதிகள் ஐயத்திற்கிடமின்றிக் கூறுதல் வேண்டும். ஆய்வறிக்கையை நோயாளியிடம் சேர்க்கும் பொறுப்பும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கும் திசு ஆய்வின் செலவு சிறிது. அதைத் தவிர்த்ததனால் பின்னர் வரும் பத்து மணி நேர அறுவையின் செலவோ பெரிது. அச்செலவைக் குடும்பம் ஏற்பினும் அரசு ஏற்பினும், முதலில் துன்புறுபவர் நோயாளியே. அறுவைக் கூடத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும் அச்சிறு குப்பி வழியில் தவறிவிடாமல் காப்பது, எந்தச் சிற்றூர் மருத்துவமனையாலும் இயலக்கூடிய செயல்.