வயிற்றுக்கு ஏறுவதும் மனசுக்கு ஏறுவதும்

(குமாரலிங்கபுரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையேற்றத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடைக்காது என்று வரும் வழியில் ஒரு நண்பர் சிரித்தார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இங்கிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கரிசல்தான். பருத்தி, சோளம், உளுந்து. அவை இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். நம் பிள்ளைகள் அன்றாடம் ஏறும் உயரமான இடம் கண்மாய்க் கரை. அதற்கு மேல் என்றால் பனைமரம். மழை வெறித்த நாளில் மேற்கே மெல்லிய நீலக் கோடாக மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் நிலத்தோற்றங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எவரெஸ்ட் 8,848 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள். “சார், அங்க என்ன இருக்கு? எதுக்கு உயிரைப் பணயம் வச்சு ஏறுறாங்க?” என்று கேட்டாள். “சாதனை படைக்க” என்றேன். “யாரு கேட்டாங்க சார் அந்தச் சாதனையை?” என்றாள். வகுப்பு சிரித்தது. நல்லவேளையாக மணி அடித்தது. தப்பித்தேன்.

ஆனால் கேள்வி தப்பவிடவில்லை. அந்த ஆண்டு எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் சதுரகிரிக்கு ஒரு நாள் நடைப்பயணம் திட்டமிட்டோம். கேள்வி கேட்ட அதே மாணவிதான் முதலில் பெயர் கொடுத்தாள். அவள் தந்தை பனையேறும் தொழிலாளி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து அவர் சொன்னார்: “நாங்க காலையிலயும் சாயந்தரமும் ஏறுறோம் சார். வயித்துக்கு ஏறுறதே போதும். வயிறு நெறஞ்சவுக பொழுது போகாம ஏறுற மலைக்கு எம்புள்ள எதுக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு அவள் வரவில்லை.

அவர் சொன்னதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் மக்கள் வயிற்றுக்காகவே மலை ஏறினார்கள். தேனுக்கு, மூலிகைக்கு, மேய்ச்சலுக்கு ஏறினார்கள். சாமி கும்பிட ஏறினார்கள். மகிழ்ச்சிக்காக மட்டும் ஏறுவது அண்மைக் காலத்துப் பழக்கம். 1336-இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பிரான்சிலுள்ள வாந்தூ மலையில் ஏறியதை எழுதி வைத்தார். அதன் உயரத்தைப் பார்க்கும் ஆசையே தன்னை ஏறச் செய்தது என்று அவர் குறிப்பிட்டது அக்காலத்தில் புதுமை. 1786-இல் மோன் பிளாங்க் சிகரத்தை பால்மா, பக்கார் என்ற இருவர் அடைந்தார்கள். மலையேற்றம் ஒரு விளையாட்டாக உருவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்து நில அளவையைத் தொடங்கினார். அந்த அளவைப் பணி முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து இமயத்தைத் தொட்டது. 1852-இல் ராதாநாத் சிக்தார் என்ற இந்தியக் கணிதர் ‘பதினைந்தாம் சிகரம்’ எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று கணக்கிட்டார். அதுதான் பின்னால் எவரெஸ்ட் ஆனது. கணக்கு ஆசிரியர்கள் முக்கோணவியல் பாடத்தை இந்தக் கதையோடு தொடங்கிப் பார்க்கலாம்.

என் மாணவி கேட்ட கேள்வியை 1923-இல் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் ஜார்ஜ் மல்லரியிடம் கேட்டார். எவரெஸ்டில் ஏற ஏன் விரும்புகிறீர்கள் என்பது கேள்வி. அது அங்கே இருக்கிறதே, அதனால்தான் என்று மல்லரி சொன்னதாக நாளேடு எழுதியது. அந்தப் பதில் உலகப் புகழ் பெற்றது. மல்லரி நம்மைப் போல் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் 1910 முதல் பணியாற்றியவர். 1924 ஜூன் 8 அன்று எவரெஸ்டின் மேற்பகுதியில் கடைசியாகக் காணப்பட்டார். அவரது உடல் 1999-இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

ஆசிரியரின் பதில் என்ற முறையில் பார்த்தால் அது எனக்குப் போதவில்லை. வகுப்பில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆகவே நானே ஏறிப் பார்க்க முடிவு செய்தேன். அப்போது எனக்கு வயது 46. இடம், சதுரகிரி.

தாணிப்பாறை அடிவாரத்தில் தொடங்கும் பாதை மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று போகும். முதல் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கியது. வந்ததே தவறு என்று தோன்றியது. அதன் பிறகு ஏதோ மாறியது. அடுத்த காலை எந்தக் கல்லில் வைப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வட்டிக் கடன், வருகைப் பதிவு, தேர்ச்சி விழுக்காடு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இதை ஆராய்ந்த உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாய். 1970-களில் அவர் பாறை ஏறுவோர், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் எனப் பலரிடம் பேசினார். பணமும் புகழும் கிடைக்காத வேலையையும் மனிதர்கள் ஏன் விரும்பிச் செய்கிறார்கள் என்பது அவரது தேடல். அவர் கண்டது இதுதான்: வேலையின் கடினம் நம் திறமைக்குச் சற்றே மேலே இருக்க வேண்டும்; செய்வது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். அப்போது மனம் அதில் முழுதாகத் தோய்ந்துவிடுகிறது. கடினம் குறைந்தால் சலிப்பு, கூடினால் பயம்.

மலை இந்த இரண்டையும் தருகிறது. பிடி சரியாக இருந்தால் உடல் நிற்கும், இல்லையென்றால் சறுக்கும். மதிப்பெண் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் வகுப்பறையில் சலிப்பவனும் பயப்படுபவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே அளவு உயரத்தைத்தான் நாம் வைக்கிறோம்.

இன்னொன்று கூட நடப்பவர்கள். மலையில் வேகமாக நடப்பவரால் குழு மதிப்பிடப்படுவதில்லை. கடைசியில் வருபவர் எப்போது வந்து சேருகிறாரோ அப்போதுதான் குழு வந்து சேர்கிறது. தண்ணீர்க் குப்பி கை மாறும். தெரியாதவர்கூட “இன்னும் கொஞ்சந்தான் அண்ணாச்சி” என்று சொல்லிப் போவார். அது பெரும்பாலும் பொய்தான். ஆனாலும் அந்தப் பொய் இரண்டு பர்லாங் தாங்கும்.

மலை கற்றுத் தருவதில் மிக முக்கியமானது, திரும்பி வருதல். என் இரண்டாவது பயணத்தில் பாதி வழியில் மேகம் கறுத்தது. ஓடையில் நீர் ஏறினால் நிலைமை மாறிவிடும் என்று உடன் வந்த பெரியவர் சொன்னார். உச்சி அருகில்தான் இருந்தது. இருந்தாலும் இறங்கினோம். அன்று நான் தோற்றதாக நினைக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. வனத்துறை அனுமதி, வழிகாட்டி, வானிலை, நேரம் ஆகியவற்றைப் பாராமல் மாணவர்களை ஒரு கரட்டில்கூட ஏற்றாதீர்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட 40 பாதைகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு செல்லலாம்.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். மலையேற்றம் வயிறு நிறைந்தவர்களுக்கு மட்டும்தானா?

2014 மே 25 அன்று மாலவத் பூர்ணா எவரெஸ்டில் ஏறினார். வயது 13. பிரிக்கப்படாத ஆந்திரத்தின் சமூகநல உண்டு உறைவிடப் பள்ளி மாணவி, பெற்றோர் விவசாயக் கூலிகள், பழங்குடிக் குடும்பம். அவருடன் ஏறிய ஆனந்த் குமாரும் அதே வகைப் பள்ளி மாணவர்தான். போங்கீர் பாறையில் பயிற்சி தொடங்கியது. அரசுப் பள்ளி ஒரு பாறையைக் காட்டியது. பிள்ளைகள் இமயத்தைக் கண்டார்கள்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்தவர் ந. முத்தமிழ்ச்செல்வி. இரண்டு குழந்தைகளின் தாய். ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர். 2023 மே 23 அன்று எவரெஸ்டை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே சென்ற முதல் பெண் அவர். கரிசல் மண்ணில் பிறந்த பெண்ணுக்குப் பனிமலை எட்டாதது அல்ல என்று காட்ட இனி நாம் வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பக்கத்தில் இருக்கும் திருச்சுழியையும் நினைத்துப் பாருங்கள். 1879-இல் அங்கே பிறந்த வேங்கடராமன் 1896-இல் திருவண்ணாமலைக்குப் போனார். பின்னர் 1899 முதல் 1922 வரை அந்த மலையிலேயே குகையிலும் ஆசிரமத்திலுமாக வாழ்ந்தார். அவரை உலகம் ரமண மகரிஷி என்று அறியும். அவர் மலைக்குப் போனது பொழுதுபோக்குக்கு அல்ல. ஆனால் மலையே இல்லாத ஊரில் பிறந்தவருக்கும் மலை மீது ஈர்ப்பு வரும் என்பதற்கு நம் வட்டாரமே சான்று.

மறு ஆண்டு மீண்டும் சதுரகிரிப் பயணம் அறிவித்தோம். இம்முறை நான் அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போனேன். வாதம் செய்யவில்லை. “மகளோட நீங்களும் வாங்க. பிள்ளைகளுக்குப் பாறையில கால் வைக்கச் சொல்லித் தர எங்களுக்கு ஆள் வேணும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். வந்தார்.

அன்று அவர்தான் எங்களுக்கு ஆசிரியர். வழுக்கும் இடத்தில் பாதத்தை எப்படித் திருப்பி வைப்பது, பயம் வந்தால் கீழே பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அவர் மகள் அவரையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்பாவின் தொழில் ஒரு வித்தை என்று அவள் அறிந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மேலே போய் ஒரு பாறையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மரத்துல ஏறினா கலயத்தோட இறங்கணும் சார். வெறுங்கையோட இறங்கினா அன்னைக்கு அடுப்பு எரியாது. இங்க ஒண்ணும் எடுத்துக்கிட்டு இறங்க வேண்டியதில்லை. அதுவே ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு.”

மனிதர் ஏன் மலை ஏறி மகிழ்கிறார்கள் என்பதற்கு நான் கேட்ட பதில்களில் மல்லரியின் பதிலைவிட எனக்குப் பிடித்தது இதுதான்.

தோழர்களே, நம் பிள்ளைகள் பலர் எதைச் செய்தாலும் கலயத்தோடு இறங்க வேண்டியவர்கள். மதிப்பெண், உதவித்தொகை, வேலை என்று அவர்கள் கொண்டுவர வேண்டியவை நிறைய. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாளாவது, வெறுங்கையோடு இறங்கினாலும் யாரும் கேட்காத ஓர் ஏற்றம் அவர்களுக்கு வேண்டும். மலை இல்லாவிட்டால் கண்மாய்க் கரை போதும். மாலையில் வகுப்போடு ஏறி நின்று, ஊரை மேலிருந்து பார்த்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். தன் வீடு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் கை நீட்டும். மேற்கே அந்த நீலக் கோடு தெரிந்தால் அதையும் காட்டுங்கள்.

ஏன் ஏற வேண்டும் என்று யாராவது கேட்டால், என்னைப் போல அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். “வா, ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்று கூட்டிக்கொண்டு போங்கள்.