நாலு வீதிக் கச்சேரி



கிராமத்தில் நேரடி இசையை வளர்க்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே, முதலில் ஓர் அரங்கம் கட்ட வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். காவிரிப் படுகை ஊர்களில் அந்தச் செலவுக்கு அவசியமே இருந்ததில்லை. கோயிலைச் சுற்றி நாலு வீதி. சாமி நிற்கும் ஒவ்வொரு முக்கும் ஒரு மேடை. திண்ணையில் இருப்பவருக்கு முதல் வரிசை, மாடியில் நிற்பவருக்கு பால்கனி. அனுமதிச் சீட்டு கிடையாது, வருகிறவரை யாரென்று கேட்பாரும் கிடையாது.

அந்தக் கச்சேரிக்கு ஒரு முறை இருந்தது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குப் பாட்டு வரிகள் இல்லை. தவிலும் நாயனம் என்கிற நாகஸ்வரமும் சேர்ந்து கட்டுகிற தாளக் கோபுரம் அது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. அடுப்படியில் வேலையாக இருக்கும் பெண்கள்கூட, சாமி எங்கே வருகிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்வார்கள். வாசல் தாண்டி வீதிக்கு வந்ததும் ராகம் தொடங்கும். பல்லக்கைத் தாங்குகட்டையில் நிறுத்திவிட்டு சீர்பாதம் தாங்கிகள் தோளைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். தோடியோ காம்போதியோ ஒரே முக்கில் முக்கால் மணி நேரம் போகும். கூட்டம் நகராது. நகரச் சொன்னால் சண்டைக்கு வரும்.

இப்படி ஊர் உட்கார்ந்து கேட்டதால்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் உருவானார்கள். 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகஸ்வர வித்வான். அவரது தோடிக்கு இன்றும் உவமை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் அவர் கேட்டபடி உருவானது அங்கேதான். அங்குள்ள ஆசாரிகள் ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டி எடுப்பதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள். பல்லாண்டு காய்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும் என்பது தொழில் கணக்கு. நாயனத்தில் பொருத்தி ஊதும் சீவாளிக்கு நாணல் காவிரிக் கரையில் கிடைக்கிறது; அதைப் பக்குவம் செய்து கட்டுகிறவர்கள் திருவாவடுதுறையிலேயே இருக்கிறார்கள். வாசிப்பவர், வாத்தியம் செய்பவர், கேட்பவர் மூவரும் சைக்கிளில் போய்வரும் தொலைவுக்குள் இருந்த காலம் அது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு வாத்தியத்துக்கு வந்தது, அதைக் கேட்கிற ஊருக்கு வரவில்லை.

ஊர் எப்படிக் கலைந்தது? பழியை சினிமாப் பாட்டின் தலையில் போட்டுவிடுவது சுலபம். சினிமா நாகஸ்வரத்துக்குக் கெடுதலைவிட நல்லதே அதிகம் செய்தது என்று வாதாடவும் இடமிருக்கிறது. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சிக்கல் வேறு இடத்தில். கோயில் மேளத்துக்கு ஊழிய மானியமாக நிலம் இருந்தது. 1963-ன் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் அந்த ஏற்பாட்டின் அடிப்படையையே மாற்றியது. மேளக்காரர் மாதச் சம்பளத்துக்கு வந்தார். சின்னக் கோயில்களில் அந்தச் சம்பளமும் பேருக்குத்தான். பிறகு மின்சார முரசு வந்தது. விசையைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் அந்த இயந்திரம், தீபாராதனை நேரத்து மேளத்தை ஓசையோடு ஒழித்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்ற 2000-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், விடிய விடிய நடந்த நிகழ்ச்சிகள் சுருங்கின. தூக்கம் கெடுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து மணிக்குள் முடிய வேண்டுமென்றால் மாலையிலேயே தொடங்க வேண்டும். அதற்கேற்ப நிகழ்ச்சி நிரலை எந்த விழாக் குழுவும் மாற்றி எழுதவில்லை. நாகஸ்வரத்தின் நேரத்தைத்தான் வெட்டினார்கள்.

கல்யாணம் இன்னொரு மேடை. மாப்பிள்ளை அழைப்பில் இரண்டு மணி நேரம் கச்சேரி கேட்ட குடும்பங்கள் உண்டு. இப்போது மேளத்துக்கு இருக்கும் வேலை, தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம்' என்று குரல் வந்ததும் வேகமாக அடிப்பது. ராகம் எடுத்தால் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். வாசலில் ஆரவாரம் வேண்டுமானால் கேரளத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது. செண்டை அருமையான வாத்தியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே திருச்சூர்ப் பூரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தாளக் காலத்துக்குக் கையை உயர்த்தியபடி மணிக்கணக்கில் கேட்கிறார்கள். நம்மவர்கள் செண்டையைத் தருவித்தார்கள், கேட்கிறவர்களை விட்டுவிட்டார்கள்.

இதற்கு எதிர்ச்சாட்சி கடல் தாண்டி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ வகையறாவுக்கோ உரியது. அவர்கள் அன்றைய உபயகாரர். பூசை, பிரசாதம், மேளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நேற்றைய உபயகாரர் கொண்டுவந்த மேளக் கூட்டத்தைவிட இன்றைக்கு ஒருபடி மேலே கொண்டுவர வேண்டும் என்ற மானப் பிரச்சினை, இசைக்கு ஆண்டு தவறாத நிதியாகிவிடுகிறது. இரவில் மேளச்சமா. இரண்டு மூன்று கூட்டங்கள் மாறி மாறி வாசிக்கும். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எப்படி எடுக்கிறார் என்று பார்க்கத்தான் சனம் வரும். தமிழ்நாட்டிலிருந்து ராஜரத்தினம் பிள்ளையும் காருகுறிச்சியும் அங்கே போய் வாசித்தார்கள். அந்த மண்ணிலிருந்து அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாகஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் எழுந்தன. தட்சிணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது.

உள்நாட்டுப் போர் அந்த ஊர்களைச் சிதறடித்தது. வாசித்தவர்களும் கேட்டவர்களும் இடம்பெயர்ந்தார்கள். இருந்தும் உபயம் அறுந்துவிடவில்லை. டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தங்கள் நாளுக்குப் பணம் அனுப்புகிறார்கள். மேளச்சமாவை யூடியூபில் பார்த்து, தவிலில் யார் கை ஓங்கியது என்று கீழே வாதாடுகிறார்கள். இப்படி வாதாடத் தெரிந்த கூட்டம் இருக்கும்வரை வித்வானுக்கு அச்சமில்லை.

தமிழ்நாட்டிலேயே தெற்கு மாவட்டங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்திலும் இதே நாகஸ்வரம், இதே தவில். கூடவே பம்பை, தமுக்கு. சபாக்கள் இவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் கிராமத்துக் காதுக்குப் போய்ச் சேரும் நாயனத்தில் பெரும்பங்கு இவர்களுடையது. கிராமிய இசைக்குக் கணக்கெடுக்கிறவர்கள் இங்கிருந்து தொடங்கினால் நல்லது.

வாசிக்க ஆள் இல்லை என்ற பேச்சு பாதிதான் உண்மை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தனித்தனி வகுப்புகள் நடக்கின்றன. பழனி தேவஸ்தானமும் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. படித்து வெளியே வரும் பிள்ளைக்கு ராகம் வாசிக்க நாற்பது நிமிடம் கொடுக்கும் தெருமுக்குதான் குறைவு. பள்ளிக்குப் பணம் ஒதுக்கும் அரசு, ஊர்த்திருவிழாவில் ஒரு மணி நேரக் கச்சேரிக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

அரசு வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவுக்கு உங்கள் ஊரில் கூட்டம் போடும்போது, வாணவேடிக்கைக்கும் ஒலி ஒளி அமைப்புக்கும் எழுதும் தொகைக்குப் பக்கத்தில் மேளத்துக்கும் ஒரு வரி சேருங்கள். ஒரு குடும்பம் அந்த நாளை உபயமாக எடுத்துக்கொள்ளட்டும். பத்திரிகையில் 'மங்கள இசை' என்று மட்டும் போடாமல் நாகஸ்வரக்காரர் பெயரையும் தவில்காரர் பெயரையும் அச்சிடுங்கள். சாமி தெற்கு வீதி முக்கில் நிற்கும் நேரம், குழாய் ஒலிபெருக்கியை மட்டும் அணைத்துவிடுங்கள்.