திசை விரதமும் தூரதேசக் கல்வியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார்க்கு உரிய பன்னிரண்டு விரதங்களுள் அணுவிரதங்கள் ஐந்தனைப் பற்றி இம்மேடையில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். குணவிரதங்கள் மூன்றனுள் முதலாவதாகிய திசை விரதத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புகைவண்டியும் விமானமும் வந்த பின்னர் அதற்கு வேலையில்லை என்று ஒதுக்கிவிட்டோம் போலும். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வங்கிப் பணியில் இருந்தபோது, கல்விக்கடன் வேண்டி வந்த நம் குடும்பங்களின் தாள்களில் நானே கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் இந்த விரதம் என் நினைவுக்கு வந்ததில்லை.

பத்துத் திசைகளிலும் இன்ன தொலைவுக்கு அப்பால் செல்லேன் என்று இல்லறத்தான் தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்வது திசை விரதம். அவ்வெல்லைக்குக் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு எனப் பலரும் அறிந்த அடையாளங்களைக் கொள்ளுமாறு சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறுகிறார். எல்லை வகுப்பவன் இல்லறத்தானே என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் தாண்டுவது பாவம் என்று ஆசாரியர் விதிக்கவில்லை. சீவக சிந்தாமணியில் சீதத்தன் கலமேறிப் பொருள் தேடச் சென்றவன்தான். வணிகம் செய்த சமூகத்துக்குத் தொலைவு புதிதன்று. தொலைவுக்கு ஆசை அளவாகிவிடக் கூடாது என்பதே விரதத்தின் கருத்து.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். இன்று நம்மவர் இல்லங்களில் கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் என்னும் பெயர்கள் வந்தவாசி, செஞ்சி, ஆரணி போலப் புழங்குகின்றன. போனவர்களால் நமக்கு வந்த நன்மையை நான் மறைக்கவில்லை. இவ்விழா மலரின் நன்கொடையாளர் பட்டியலைப் பார்த்தாலே அது விளங்கும். படிப்பு முடிந்த பின் வேலையும், நம் பிள்ளைகள் 'பி.ஆர்.' என்று சுருக்கிச் சொல்லும் நிரந்தர வசிப்புரிமையும் பெறும் வழி இப்போது எவ்வாறு இருக்கிறது என்பதையே கனடாவைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். அந்நாட்டு விதிகளை வரி வரியாகப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்தது.

என் தங்கை மகன் 2019-ஆம் ஆண்டு ஒண்டாரியோ மாநிலத்திற்குப் படிக்கச் சென்றான். மின்னணுப் பொறியியல் பட்டதாரி. அப்போது வயது 24. அங்கே கல்லூரி ஒன்றில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கையின் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிற்று. விமான நிலையத்தில் அவன் சொன்னான்: "ஐந்து ஆண்டுகள், மாமா. அமைந்தால் அமையட்டும், இல்லையேல் திரும்பி வந்துவிடுவேன்." நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம். அதுதான் எல்லை. ஆனால் அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

2021-இல் படிப்பு முடிந்தது. படிப்புக்குப் பிந்திய பணி அனுமதி மூன்றாண்டுகளுக்குக் கிடைத்தது. இந்த அனுமதி வாழ்நாளில் ஒரு முறைதான். அன்று முதல் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. மூன்றாண்டு நீண்ட காலம்போலத் தோன்றும். அதற்குள் திறன் சார்ந்த வேலையில் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், பணியாற்றியிருந்தால்தான் 'கனடிய அனுபவ' வகுப்பில் விண்ணப்பிக்க இயலும். முழுநேரமாகப் படிக்கும்போது செய்த வேலை இக்கணக்கில் சேராது. பண்டகக் கிடங்கில் பெட்டி தூக்கிய வேலையும், கடையில் கல்லாவில் நின்ற வேலையும் சேரா. அவனுக்கு முதல் ஓராண்டுக்கு மேல் கிடங்கு வேலைதான். வயிறும் வாடகையும் காத்திருக்கவில்லை. 2022-இல் வங்கித் தவணையும் தொடங்கிவிட்டது. படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் கழிந்தால் தவணை தொடங்கும். இடையில் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். அந்த வட்டியைக் குடும்பங்கள் மறந்துவிடுவதை என் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் திசம்பர் மாதத்துச் சூரியன் மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். என் தங்கை தொலைபேசியில் கேட்கும் முதற்கேள்வி, "இருட்டுமுன் சாப்பிட்டாயா?" என்பதே. மாலைப்பணியில் நிற்பவன் என்ன விடை சொல்வான்? 'சாப்பிட்டேன் அம்மா' என்பான். அவன் சொன்ன முதற்பொய் அதுவாகத்தான் இருக்கும். அதற்கு அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2023-இன் தொடக்கத்தில் அவனுக்குப் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது. ஓராண்டு நிறைந்ததும் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்னும் தர வரிசைக்குள் பெயர் பதிந்தான். வயது, கல்வி, மொழித்திறன், பணி அனுபவம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. திருமணமாகாதவர்க்கு 20 முதல் 29 வயது வரை 110 மதிப்பெண். 30 பிறந்தால் 105. 35-இல் 77 மட்டுமே. பிறந்தநாள் வந்தால் மகிழ்வதற்குப் பதிலாக அஞ்சும் நிலையை இந்த அட்டவணை உண்டாக்கிவிட்டது. ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த நிலை பெற்றும் அவனுக்கு மொத்தம் 467. அந்த 2024-ஆம் ஆண்டில் நடந்த பொதுச் சுற்றுகளிலும் கனடிய அனுபவச் சுற்றுகளிலும் ஒன்றுகூட 500-க்குக் கீழே இறங்கவில்லை. பிரெஞ்சு அறிந்தவர்க்கான சுற்றுகள் 400-க்கும் கீழே இறங்கின. பிரெஞ்சு கற்கலாம் என்று 2019-இல் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பணி அனுமதி முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. அச்சமயம் ஒருவர் அவனை அணுகினார். அரசின் ஒப்புதல் பெற்றதாக ஒரு வேலை உறுதிக் கடிதம் தருவாராம். அந்த வேலையை அவன் செய்ய வேண்டியதில்லை. பல லட்சம் ரூபாய் கொடுத்தால் போதும். அப்போது அத்தகைய கடிதத்துக்கு 50 மதிப்பெண் இருந்தது. 467-உடன் 50 சேர்த்தால் 517. அந்த ஆகஸ்டு மாதத்தில் கனடிய அனுபவ வகுப்புக்கான அழைப்பு 507 வரை இறங்கியது. ஆகவே அப்பொய் பலித்திருக்கும். இதை மறைத்துவிட்டு அறம் பேசினால் என் பேச்சில் நேர்மை இராது.

இரவில் என்னை அழைத்தான். "மாமா, என்ன செய்யட்டும்?" என்றான். முப்பதாண்டு பிறருடைய தாள்களைச் சரிபார்த்தவன் நான். வீட்டுப் பத்திரமும் தங்கையின் முகமும்தான் அப்போது என் கண்முன் நின்றன. "எப்படியாவது முடித்துக்கொள். பணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

தத்துவார்த்த சூத்திரம் சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கூடலேக கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல். நம் ஆசாரியர்கள் பொய்ச் சொல்லோடு நில்லாமல் பொய்த் தாளையும் தனியே பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அதற்கும் முன்னே முதலாவதாக நிற்பது மித்தியோபதேசம், பிறரைத் தவறான வழியில் செலுத்தும் அறிவுரை. அன்றிரவு அவன் முன் இருந்தது கூடலேகம். நான் செய்து முடித்துவிட்டது மித்தியோபதேசம்.

நான்கு நாள் கழித்து அவனே அழைத்தான். "மாமா, அந்தத் தாளில் நான் கையெழுத்திடவில்லை" என்றான். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பின்னர்தான் விதிகளை எடுத்துப் படித்தேன். விண்ணப்பத்தில் பொய்த்தகவல் தந்தது வெளிப்பட்டால் ஐந்தாண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தடை. தாளை உண்டாக்கியவர் முகவராயினும் பொறுப்பு விண்ணப்பித்தவனுடையதே. இத்தகைய மோசடி மிகுந்ததனால் வேலை உறுதிக் கடிதத்துக்கான மதிப்பெண்ணையே கனடா 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. இதையெல்லாம் அறிந்து அவன் மறுக்கவில்லை. அறியாத நிலையிலேயே மறுத்தான்.

2024 திசம்பரில் ஊர் திரும்பினான். இப்போது சென்னையில் வேலை. வங்கித் தவணையை அவனே கட்டுகிறான். வீட்டுப் பத்திரம் இன்னும் மீளவில்லை. இவை எல்லாம் தாங்கக்கூடியவை. தாங்க முடியாதது வேறொன்று. திரும்பிய பின் வந்த முதல் ஜெயந்தி விழாவுக்கு அவன் ஜினாலயம் வரவில்லை. காரணம் கேட்டேன். "எல்லோரும் 'எப்போது திரும்பிப் போகிறாய்' என்று கேட்பார்கள், மாமா" என்றான். கேட்கிறவர்கள் நாம்தான். இம்மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்கள்தான். போனவனுக்கு மாலையிடும் நாம் வந்தவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்? பொய்த் தாளில் கையெழுத்திட்டு அங்கேயே தங்கியிருந்தால் அவன் பெயரும் நன்கொடையாளர் பட்டியலில் வந்திருக்கும், நாமும் கைதட்டியிருப்போம்.

அவ்வாண்டு தசலட்சண பருவம் முடிந்து மன்னிப்பு வேண்டும் நாளில், எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லும் சொல்லோடு நில்லாமல், அவன் வீட்டுக்குச் சென்று இன்ன குற்றத்துக்காக என்று பெயர் சொல்லியே மன்னிப்பு வேண்டினேன். அவன் மிகவும் கூச்சப்பட்டான். என் வயதினர்க்கு இது எளிதன்று, எனினும் செய்யத்தக்கது.

இப்போது புறப்பட இருப்போர்க்குச் சில உண்மைகள். 2024-இல் கனடா புதிய மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. கையிருப்பாகக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை அவ்வாண்டு சனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது. அதன் பின்னும் கூடியுள்ளது. 2024 நவம்பர் முதல் கல்லூரிப் பட்டயம் பெறுவோர்க்கு, குறித்த துறைகளில் படித்தால்தான் பணி அனுமதி; பல்கலைக்கழகப் பட்டம் பெறுவோர்க்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. 2025-ஆம் ஆண்டில் 5,00,000 பேர்க்கு வசிப்புரிமை என்று முன்னர் அறிவித்திருந்ததை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். முகவர் காட்டும் பழைய கையேட்டில் இவை இரா. நம் பிள்ளை சேரும்போதுள்ள விதி அவன் படித்து முடிக்கும்போது இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அந்நாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அவர்கள் வீடு, அவர்கள் கதவு.

நம் கையில் இருப்பது நம் எல்லை ஒன்றுதான். திசை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் மேலும் கீழும் பக்கத்திலும் எல்லை கடத்தல் மூன்று. நான்காவது, எல்லையை அவ்வப்போது விரித்துக்கொள்ளுதல். ஐந்தாவது, வகுத்த எல்லையை மறந்துபோதல். மறதியையும் குற்றமாக எண்ணிய அந்த நுட்பத்தை இப்போதுதான் உணர்கிறேன். "ஐந்து ஆண்டுகள்" என்று விமான நிலையத்தில் சொன்ன சொல்லை அந்த இரவில் நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளையை அனுப்புமுன் குடும்பத்தார் எல்லோரும் அமர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு கடன்வரை போவோம், எந்த ஆண்டுவரை முயல்வோம், எந்தத் தாளில் கையெழுத்திட மாட்டோம் என்று எழுதி, தந்தை, தாய், பிள்ளை மூவரும் கையொப்பமிட்டு, வீட்டில் ஜினவாணி நூல்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அதன் கீழே, எல்லை வந்ததும் திரும்பினால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று பெற்றோர் தம் கையால் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரிதான் பிள்ளைக்கு வேண்டியது. நடுவில் நிலைமை நன்றாகி எல்லையை மாற்ற வேண்டுமென்றால் பகலில், எல்லோரும் கூடி, அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். இரவில் தொலைபேசியில் மாற்றாதீர்கள்.

வரும் செப்டம்பர் பருவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவிருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் பல என்று அறிகிறேன். மாலை உணவு பொழுது சாயுமுன் முடிந்துவிடும். அதன் பின் நான் மண்டபத்து வடக்குத் திண்ணையில் அமர்ந்திருப்பேன். கல்லூரியின் அனுமதிக் கடிதத்தையும் வங்கிக் கடன் தாளையும் கொண்டு வாருங்கள். இருவருமாகப் படித்துப் பார்க்கலாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். என் தங்கை மகனும் இன்று வந்திருக்கிறான், அங்கேதான் இருப்பான். அவனிடம் எது வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த ஒரு கேள்வியைத் தவிர.

ஜெய ஜினேந்திரம்.