சுவர் இல்லாத ஊரில் ஆறு நாட்கள்

(நம் குடியிருப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

"சார், வெளிநாடு போய்விட்டு வந்தீர்களே, பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செக்ரட்டரி கேட்டார். பேங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மேடையில் பேசிப் பழக்கமில்லை என்பதால் எழுதி வைத்துப் படிக்கிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் நியூசிலாந்தில் ஆக்லாந்தில் இருக்கிறான். போன ஜூலையில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது, "இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், பக்கத்தில் ஒரு தீவு பார்த்துவிட்டுப் போங்கள்" என்று சமோவாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். பக்கம் என்று அவன் சொன்னது, விமானத்தில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்!

சமோவா பசிபிக் கடலின் நடுவில், பாலினேசிய மக்கள் வாழும் நாடு. மொத்த ஜனத்தொகை சுமார் இரண்டு லட்சம்தான். ஊபோலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள். தலைநகர் ஆப்பியா ஊபோலுவில் இருக்கிறது. 1962 ஜனவரி 1-ல் சுதந்திரம் பெற்றது. பணத்துக்குப் பெயர் தாலா. ஒரு தாலா நம் 30 ரூபாய்க்குச் சற்று முன்பின் வரும்.

கணக்கு எழுதிப் பழகியவனுக்கு அங்கே முதலில் பிடித்துப்போனது தேதிதான். 2011-ம் ஆண்டில் சமோவாவுக்கு டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது! 29-ம் தேதி வியாழன் இரவு படுத்தவர்கள், 31-ம் தேதி சனிக்கிழமை காலை எழுந்தார்கள். அதுவரை சர்வதேசத் தேதிக் கோட்டுக்கு அமெரிக்கப் பக்கத்தில் இருந்த நாடு அது. வியாபாரம் எல்லாம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவோடு. இங்கே வெள்ளிக்கிழமை என்றால் அங்கே சனிக்கிழமை. அங்கே திங்கட்கிழமை என்றால் இங்கே ஞாயிறு. வாரத்தில் இரண்டு வேலை நாள் வீண். அதனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இல்லாத அந்த வெள்ளிக்கிழமைக்கும் சம்பளம் உண்டு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்கள் யூனியன் கூட அப்படி ஒரு கோரிக்கை வைத்ததில்லை!

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2009 செப்டம்பர் 7-ம் தேதி, சாலையில் வலது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இடது பக்கத்துக்கு மாறினார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான் நாடுகளிலிருந்து பழைய கார்களை மலிவாக வாங்கலாம் என்பது காரணம். நாம் பார்க்கிங் கோடு மாற்றுவதற்கே மூன்று கூட்டம் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா?

ஆப்பியாவுக்குப் பக்கத்தில் வைலிமா என்ற இடத்தில், "ட்ரெஷர் ஐலண்ட்" எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் வீடு இருக்கிறது. இப்போது மியூசியம். உடம்பு முடியாமல் அந்தத் தீவுக்கு வந்து குடியேறியவர், 1894-ல் 44 வயதில் அங்கேயே இறந்தார். ஊர்க்காரர்கள் காட்டை வெட்டி வழி செய்து, வாயியா மலை உச்சிக்கு அவரைச் சுமந்து போய் அடக்கம் செய்தார்கள். மலை ஏற என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழே நின்று பார்த்துக்கொண்டேன்.

தோ சுவா என்ற இடத்திலும் அதே கதைதான். பூமி உள்வாங்கியது மாதிரி சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய பள்ளம். அடியில் பச்சை நிறத்தில் கடல் தண்ணீர். இறங்குவதற்குச் செங்குத்தான மர ஏணி. நான் பையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். என் மனைவி, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மடமடவென்று இறங்கிவிட்டாள். இன்று வரை அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்கள் கேட்பீர்கள். பலுசாமி என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும், "யாரோ நம்ம ஊர்க்காரர் பேர் மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. சேம்பு இலையில் கெட்டியான தேங்காய்ப் பாலும் வெங்காயமும் வைத்து மடித்து, சுட்ட கற்களின் மேல் வேகவைக்கிறார்கள். கூடவே சேப்பங்கிழங்கு, சீமைப்பலா. ஆறு நாளும் எங்களுக்குக் கவலையில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தெற்குக் கரையில் லலோமானு என்ற ஊரில் இரண்டு இரவு தங்கினோம். அங்கே வீட்டுக்கு ஃபாலே என்று பெயர். தரையைக் கொஞ்சம் உயர்த்தி, சுற்றிலும் தூண் நட்டு, மேலே கூரை போட்டிருப்பார்கள். அவ்வளவுதான், சுவர் கிடையாது. மழை வந்தால் ஓலைத் தட்டியை இறக்கிவிடுவார்கள். இப்போது சுவர் வைத்த வீடுகளும் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் பல வீடுகளின் முன்னால் ஒரு ஃபாலே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் சமாதியும் வாசலிலேயே இருக்கிறது. 2009 செப்டம்பர் 29 அன்று இந்த ஊரை சுனாமி அடித்துப்போட்டது. சமோவாவில் மட்டும் 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அதே கரையில் மறுபடியும் ஃபாலே கட்டி, அதில்தான் விருந்தாளிகளைத் தங்க வைக்கிறார்கள்.

சாயங்காலம் சுமார் ஆறரை மணிக்குச் சங்கு ஊதினார்கள். அது பிரார்த்தனை நேரம். தெருவில் யாரும் நடக்கக்கூடாது; நாங்களும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாட்டு கேட்டது. கால் மணி நேரத்தில் முடிந்தது. பக்கத்து ஃபாலேயில் ஒரு பாட்டி பாயில் படுத்திருந்தார். பிறகு தெருவில் போன ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து ஏதோ குரல் கொடுத்தார்கள். அவரும் கையைத் தூக்கினார். "இவங்களை யார் பார்த்துக்கிறாங்க?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் என் மனைவி ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. இன்னொரு முறை கேட்டதும், தெருவைக் காட்டினார். "எல்லாருக்கும்தான் அவங்க தெரியறாங்களே" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் என் எதிர் வீட்டுப் பெரியவர் குளியலறையில் விழுந்து ஒன்றரை நாள் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் வாசல் பையில் இரண்டு நாள் பால் பாக்கெட் தொங்கியதை நான் பார்த்தேன். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்து, லிப்டில் இறங்கிப் போய்விட்டேன். 36 வருடம் பேங்கில் இருந்தவன். பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து டேலி செய்வோம். இரண்டு பால் பாக்கெட் இடித்தபோது, பெல்லை அழுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், இப்போது மகளோடு இருக்கிறார். அந்தக் கதவு பூட்டியே கிடக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் வெளியே போகிறேன்.

சமோவாவில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணம், சாவு, சர்ச் என்று கொடுத்து மாளாது. சர்ச்சில் எந்தக் குடும்பம் எவ்வளவு கொடுத்தது என்று உரக்கப் படிக்கிற வழக்கமும் உண்டு. நம் மொய் மாதிரிதான். ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. இளைஞர்கள் வேலைக்கு நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் போய்விடுகிறார்கள். அந்த வாழ்க்கை முழுவதும் நமக்கு ஒத்துவராது. இரவில் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் எனக்கே தூங்கத் தெரியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். நம் இரண்டு பிளாக்கிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் எனக்குத் தெரிந்து 9 பேர். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் பெயர், பிள்ளைகளின் போன் நம்பர், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வைத்துக்கொள்வோம். தினமும் காலை ஒன்பது மணிக்குள் ஒருவர் அந்த ஒன்பது வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும். எடுக்கவில்லை என்றால் நேரில் போய் பெல் அடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் வந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பெயர் சேர்ப்பது அவரவர் விருப்பம். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்த வேண்டாம்.

முதல் மாதம் நான் செய்கிறேன். நோட்டு வாங்கிவிட்டேன். கிளார்க் கையெழுத்து, தெளிவாகவே இருக்கும். இரண்டாவது மாதத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கும் இடத்தில்தான் நிற்பேன். வந்து பெயர் கொடுங்கள். தோ சுவா போட்டோக்களையும் அங்கேயே காட்டுகிறேன். ஏணியில் இறங்குவது நான் இல்லை என்பதை மட்டும் கேட்காதீர்கள்.