சுண்டைக்காய் பூமி: வடமதுரையில் ஒரு சூரியக் குடும்பம்

இன்னைக்கு எபிசோடுக்கு பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படல. தேவைப்பட்டதெல்லாம் ஒரு சுண்டைக்காய், ஒரு மிளகு, ரெண்டு எலுமிச்சம்பழம், அப்புறம் ஒரு நீளமான ரோடு.

பள்ளிக்கூடப் புத்தகத்துல சூரியக் குடும்பம் படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இடது பக்கம் ஒரு மஞ்சள் உருண்டை, அதுக்குப் பக்கத்துல கோலி குண்டு அடுக்கின மாதிரி எட்டு கோள்கள். எல்லாம் ஒரே பக்கத்துல அடங்கிடும். பிரச்சினையே அங்கதான். அந்தப் படத்துல அளவு சரியா இருந்தா தூரம் தப்பா இருக்கும். தூரத்தைச் சரியா வரைஞ்சா கோள்கள் கண்ணுக்கே தெரியாது. ரெண்டையும் ஒரே காகிதத்துல காட்டவே முடியாது. அது வரைஞ்சவரோட குறை இல்லை, காகிதத்தோட குறை.

அதனால காகிதத்தை விட்டுட்டு எங்க ஊர் ரோட்டுக்குப் போயிடலாம். எங்க ஊர் வடமதுரை. திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் நடுவுல, திண்டுக்கல்லில் இருந்து ஏறக்குறைய 15 கி.மீ. சவுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா சிலருக்குத் தெரியும்.

கணக்கு ரொம்ப எளிமை. எல்லாத்தையும் நூறு கோடி மடங்கு சின்னதாக்குறோம். அப்படின்னா நிஜத்துல 1,000 கி.மீ. இருக்கிறது நம்ம மாடல்ல 1 மில்லிமீட்டர். நிஜத்துல 10 லட்சம் கி.மீ. இங்க 1 மீட்டர். இந்த ரெண்டை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் தானா வந்துடும்.

முதல்ல சூரியன். குறுக்களவு சுமார் 13.9 லட்சம் கி.மீ. மாடல்ல கிட்டத்தட்ட 1.4 மீட்டர். டிராக்டரோட பின் டயர் உயரத்துக்கு ஒரு உருண்டைன்னு நினைச்சுக்கோங்க. அதை வடமதுரை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிறுத்தியாச்சு. இப்ப திண்டுக்கல் பக்கமா நடக்க ஆரம்பிக்கிறோம்.

58 மீட்டர்ல புதன். 5 மி.மீ., அதாவது ஒரு மிளகு. 108 மீட்டர்ல வெள்ளி. 12 மி.மீ., ஒரு சுண்டைக்காய். 150 மீட்டர்ல பூமி. அதுவும் சுண்டைக்காய்தான், வெள்ளியை விட ஒரு பொட்டு பெருசு. 228 மீட்டர்ல செவ்வாய். 7 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை.

இதுவரைக்கும் மூணு நிமிஷ நடை. இதுக்கு அப்புறம்தான் கால் வலிக்கும். வியாழன் வர்றதுக்கு 778 மீட்டர். அது ஒரு சின்ன முலாம்பழம், 14 செ.மீ. சனிக்கு 1.4 கி.மீ. அது ஒரு தேங்காய். வளையத்தோட சேர்த்துப் பார்த்தா, 28 செ.மீ. அகலத் தட்டு நடுவுல தேங்காயை வச்ச மாதிரி. யுரேனஸ் 2.9 கி.மீ., நெப்டியூன் 4.5 கி.மீ. ரெண்டும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

நெப்டியூன்ல நின்னு திரும்பிப் பாருங்க. நாலரை கி.மீ. நடந்திருக்கோம், திண்டுக்கல் போற வழியில மூணுல ஒரு பங்கு கூட முடியல. இவ்வளவு நீளத்துல நாம வச்ச பொருள் என்னென்ன? ஒரு மிளகு, ரெண்டு சுண்டைக்காய், ஒரு கடலை, ஒரு முலாம்பழம், ஒரு தேங்காய், ரெண்டு எலுமிச்சை. ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வந்துடலாம். மத்ததெல்லாம் வெறும் இடம். நடந்து பார்க்கிறவங்களுக்குப் பதியறது அந்த வெறும் இடம்தான்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். கோள்கள் இப்படி ஒரே கோட்டுல வரிசையா நிக்காது. ஒவ்வொண்ணும் சூரியனைச் சுத்தி அதது பாதையில எங்கயாவது இருக்கும். ரோட்டுல நடக்கிற வசதிக்காக நாம வரிசையா வச்சிருக்கோம், அவ்வளவுதான்.

இப்ப பூமிக்குத் திரும்பி வருவோம். சுண்டைக்காயைக் கையில எடுங்க. கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்கும் இதுல 3 மி.மீ. சர்வதேச விண்வெளி நிலையம் தரையில இருந்து சுமார் 400 கி.மீ. உயரத்துல சுத்துது. மாடல்ல 0.4 மி.மீ. நாலு பேப்பரை அடுக்கினா வர்ற கனம். மாசக்கணக்கா விண்வெளியில இருந்துட்டு வர்றாங்கன்னு செய்தி படிக்கிறோமே, அவங்க சுண்டைக்காய்த் தோலுக்கு நாலு பேப்பர் மேலே இருந்துட்டு வர்றாங்க.

நிலா ஒரு சின்ன மிளகு. பூமியில இருந்து 38 செ.மீ. பூ வாங்கும்போது முழம் போடுவாங்களே, அந்த ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவு. மனுஷன் கால் வச்ச அதிகபட்ச தூரம் இந்த ஒரு முழம்தான். சந்திரயான்-3 2023 ஜூலை 14 அன்னிக்குக் கிளம்பி ஆகஸ்ட் 23 அன்னிக்கு இறங்கினது இந்த மிளகு மேல.

அதே வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா-எல்1 போச்சு. சூரியனுக்கே போகுதுன்னு பல பேர் பேசிக்கிட்டாங்க. அது நின்னு வேலை பார்க்கிற இடம் பூமியில இருந்து 15 லட்சம் கி.மீ. மாடல்ல? ஒன்றரை மீட்டர். சூரியனுக்கு இருக்கிற 150 மீட்டர்ல ஒரு சதவீதம். இதைச் சொல்றது இஸ்ரோவோட சாதனையைக் குறைக்க இல்லை. சூரியனை இடைவிடாம பார்க்கிறதுக்கு அங்கயே நின்னா போதும்ங்கிறதுதான் அந்தத் திட்டத்தோட அழகு. ஆனா '15 லட்சம்'னு கேட்டப்ப நம்ம மூளை 'அடேயப்பா'ன்னு மட்டும்தான் சொல்லுச்சு. '15 கோடி'ன்னு கேட்டாலும் அதே 'அடேயப்பா'தான். லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவுல இருக்கிற நூறு மடங்கு வித்தியாசம் காதுல ஏறாது. கால்ல ஏறும்.

சரி, வெளிச்சம் எவ்வளவு வேகமா போகும்? நிஜத்துல நொடிக்கு 3 லட்சம் கி.மீ. மாடல்ல நொடிக்கு 30 செ.மீ. ஒரு ஸ்கூல் ஸ்கேல் நீளம். பூமி வர்றதுக்கு 500 நொடி, 8 நிமிஷம் 20 நொடி. நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கு மேல. நாம அதே தூரத்தை ஒரு மணி நேரத்துல நடந்துட்டோம். அதாவது வடமதுரை ரோட்டுல நடக்கிற எந்தப் பாட்டியும் இந்த மாடல்ல வெளிச்சத்தை ஓவர்டேக் பண்ணிடுவாங்க.

நம்ம கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு இந்த 30 செ.மீ. ஏற்கெனவே பழக்கமான அளவு. கிரேஸ் ஹாப்பர்னு ஒரு அமெரிக்கக் கணினி விஞ்ஞானி, கடற்படை அதிகாரி. அவங்க பேசப் போற இடத்துல எல்லாம் சுமார் 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டின ஒயரைக் கொடுப்பாங்க. ஒரு நானோ நொடியில வெளிச்சம் இவ்வளவு தூரம்தான் போகும், சாட்டிலைட் வழியா சேதி வர ஏன் நேரமாகுதுன்னு இதை வச்சுப் புரிஞ்சுக்கோங்கன்னு சொல்வாங்க. நானோ நொடின்னா நொடியில நூறு கோடியில ஒரு பங்கு. நாம எடுத்த அளவும் அதே நூறு கோடிதான். அதனாலதான் அவங்க ஒயரும் நம்ம ஸ்கேலும் ஒரே நீளம்.

இதை வச்சு செவ்வாயைப் பாருங்க. பூமிக்கு ரொம்ப நெருங்கி வரும்போது 55 மீட்டர், ரொம்ப விலகும்போது 400 மீட்டர். நொடிக்கு ஒரு ஸ்கேல்னு போனா 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம். அங்க இருக்கிறவர்கிட்ட 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா பதில் வர 6 நிமிஷம் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். வெளிச்சத்துக்கே இந்தக் கதி. 2013 நவம்பர் 5 அன்னிக்குக் கிளம்பின மங்கள்யான் செவ்வாயைப் போய்ச் சேர்ந்தது 2014 செப்டம்பர் 24. பத்து மாசத்துக்கு மேல. பூமி கெட்டுப்போனா செவ்வாய்க்குப் போயிடலாம்னு யாராவது சொன்னா, அந்தச் சுண்டைக்காயையும் கடலையையும், நடுவுல இருக்கிற ரோட்டையும் காட்டுங்க.

இப்ப ஒரு கேள்வி வரணும். பூமியை 150 மீட்டர்ல வைக்கணும்னு எப்படித் தெரியும்? டேப் வச்சு யார் அளந்தாங்க?

இந்தக் கதையில நம்ம பக்கத்து ஊர் ஒண்ணு வருது. 1619-லயே கெப்ளர், கோள்களோட தூர விகிதத்தைக் கணக்குப் போடுற விதியைச் சொல்லிட்டார். பூமியோட தூரம் 100-ன்னா வெள்ளியோடது 72. ஆனா 100 என்ன? 100 காதமா, 100 கோடி காதமா? அது தெரியாது. மேப் கையில இருக்கு, மூலையில அளவுகோல் இல்லை. ஒரே ஒரு தூரத்தை அளந்துட்டா மொத்த மேப்பும் திறந்துடும்.

அதுக்கு ஹாலி 1716-ல ஒரு வழி சொன்னார். வெள்ளி அபூர்வமா சூரியனுக்கு நேர் குறுக்க வரும். அதைப் பூமியோட ரெண்டு மூலையில இருந்து பார்த்தா, சூரியன் மேல அது போற கோடு லேசா இடம் மாறித் தெரியும். கட்டை விரலை நீட்டி ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க, விரல் நகர்ற மாதிரி தெரியும். அதே தத்துவம். கஷ்டம் எங்கன்னா, நம்ம மாடல்ல சொன்னா, ஒரு சுண்டைக்காயோட ரெண்டு ஓரத்துல, 12 மி.மீ. இடைவெளியில ரெண்டு கண்ணு. பார்க்க வேண்டியது 42 மீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு சுண்டைக்காய்.

இதைப் பார்க்கத்தான் லெ ஜென்டில்ங்கிற பிரெஞ்சு வானியலாளர் 1760-ல புதுச்சேரிக்குக் கிளம்பினார். வர்றதுக்குள்ள ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிச்சுட்டாங்க. 1761 ஜூன் 6 அன்னிக்கு அவர் நடுக்கடல்ல. ஆடுற கப்பல்ல இருந்து துல்லியமா அளக்க முடியாது. அடுத்த வாய்ப்பு 8 வருஷம் கழிச்சு. ஊருக்குத் திரும்பாம இந்தப் பக்கமே தங்கினார். 1768-ல புதுச்சேரி வந்து ஆய்வுக்கூடம் போட்டார். காத்திருந்த நேரத்துல, தமிழ்க் கணிதர்கள் சோழி வச்சு கிரகணம் கணிக்கிற முறையைக் கத்துக்கிட்டு எழுதியும் வச்சார். 1769 ஜூன் 4 காலையில புதுச்சேரியில மேகம். ஒண்ணும் தெரியல. 1771-ல பிரான்ஸ் போய்ச் சேர்ந்தப்ப அவர் செத்துட்டார்னு முடிவு பண்ணி, அகாடமியில அவர் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்திருந்தாங்க.

ஆனா மத்த இடங்கள்ல வானம் தெளிவா இருந்தது. தஹிதித் தீவுல இருந்து கேப்டன் குக் குழு பார்த்தது. எல்லாத்தையும் சேர்த்து 1771-ல லலான்ட் கணக்குப் போட்டார்: 15.3 கோடி கி.மீ. இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச அளவு 14.96 கோடி. நம்ம ரோட்டுல மூணு மீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்.

1874-லயும் வெள்ளி குறுக்கே வந்தது. அப்ப நுங்கம்பாக்கம் மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொது மக்களுக்குப் புரியணும்னு ஒண்ணுக்கு மேற்பட்ட மொழிகள்ல அதைப் பத்திச் சிறு நூல் போட்டார். அந்த ஆய்வுக்கூடம்தான் 1899-ல கொடைக்கானலுக்கு மாறினது. இப்பவும் எங்க மாவட்டத்துலதான் இருக்கு. நூறு வருஷத்துக்கும் மேலா அந்த டிராக்டர் டயரைப் படம் எடுத்துக்கிட்டே இருக்காங்க. சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுதுங்கிறதை எவர்ஷெட் 1909-ல கண்டுபிடிச்சதும் அங்கதான்.

கடைசியா, நெப்டியூனைத் தாண்டி. 1977-ல கிளம்பின வாயேஜர்-1 இப்ப 2,500 கோடி கி.மீ. தாண்டியாச்சு. மாடல்ல 25 கி.மீ. திண்டுக்கல்லைத் தாண்டி இன்னும் 10 கி.மீ. மனுஷன் செஞ்ச பொருள்ல ரொம்ப தூரம் போனது அதுதான்.

சரி, அடுத்த நட்சத்திரம் எங்க? பிராக்சிமா செண்டாரி, 4.24 ஒளியாண்டு. மாடல்ல 40,000 கி.மீ. பூமியோட சுற்றளவும் அதேதான்! அப்படின்னா திண்டுக்கல், மதுரைன்னு நேரா போய், கடல் தாண்டி, முழு உலகத்தையும் ஒரு சுத்து சுத்தி, வடமதுரைக்கே திரும்பி வந்தாதான் அடுத்த நட்சத்திரம். நடுவுல வேற சூரியனே கிடையாது. வாயேஜர் அந்தப் பக்கம் போகல. போனாலும் இன்னும் 70,000 வருஷத்துக்கு மேல ஆகும்.

நம்ம பால்வெளி மண்டலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். மாடல்ல 94 கோடி கி.மீ. சூரியனுக்கும் வியாழனுக்கும் நிஜமா இருக்கிற தூரத்தை விட அதிகம். இங்க மாடல் உடைஞ்சு போகுது. மாடலுக்கே ஒரு மாடல் தேவைப்படுது. உடையட்டும், பரவாயில்லை. எது வரைக்கும் நம்ம அறிவுக்குப் பிடிபடுதுன்னு காட்டுறதும் மாடலோட வேலைதான்.

செஞ்சு பார்க்க ஆசைப்படறவங்க தயவுசெஞ்சு நெடுஞ்சாலையில வேண்டாம், லாரி பறக்கும். சென்னையில இருக்கிறவங்க மெரினாவுக்குப் போங்க. லைட் ஹவுஸ்ல சூரியனை வச்சா, நேப்பியர் பாலம் பக்கத்துல யுரேனஸ் வந்துடும். அவ்வளவு நடக்க முடியாதுன்னா தெருவுல 150 மீட்டர் போதும். அந்த முனையில ஒருத்தர் நிக்கட்டும், இந்த முனையில நீங்க ஒரு சுண்டைக்காயோட நில்லுங்க. வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா அவங்க கையில கொடுங்க. நாம பிறந்தது, படிச்சது, சண்டை போட்டது, காதலிச்சது எல்லாம் அந்தத் தோல் மேலதான்னு நீங்க சொல்லவே வேணாம், அவங்களே கொஞ்ச நேரத்துல கேட்பாங்க: 'இதுல நம்ம வீடு எங்க?'

வெள்ளி அடுத்தது சூரியனுக்குக் குறுக்க வர்றது 2117 டிசம்பர்ல. நாம யாரும் பார்க்கப் போறதில்லை. அதுவரைக்கும் ரோடு இருக்கு, சுண்டைக்காய் இருக்கு. நடந்து பார்த்துட்டு எந்தத் தெருவுல எந்தக் கோள் வந்ததுன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.